சிசிபஸுக்கு ஓ.டி. உண்டா?

தமிழ்ல யாராவது இருத்தலியம்னு ஆரம்பிச்சா அஞ்சாவது நிமிஷத்துல ஒரு டீக்கடை வந்துடும். ஒரு சிகரெட் வரும், மழை வரும், அப்புறம் வெறுமை வரும். இந்த வெறுமைக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் ஆம்பளை. ஒண்ணாந்தேதியானா சம்பளம் வருது, வீட்டுல யாரோ சோறு வடிச்சு மூடி வெச்சிருக்காங்க, இவர் மட்டும் ஜன்னல் ஓரமா நின்னு எதுக்கு இதெல்லாம்னு கேட்டுக்கிட்டு இருப்பார். அம்பது வருஷமா இதேதான்.

இவங்க மேல எனக்குக் கோபம் இருக்கு. ஆனா இவங்களால யாருக்கும் பெரிய சேதாரமில்லை, விட்டுடலாம். நான் சண்டை போட வந்தது வேற ரெண்டு கோஷ்டியோட. ஒண்ணு, சார்த்தர், காம்யு பேரைக் கேட்டாலே "குட்டி முதலாளித்துவ விரக்தி"ன்னு முத்திரை குத்தி மூட்டை கட்டிடுற தோழர்கள். இன்னொண்ணு, கம்பெனிகள்ல ஆளுங்களை ஹால்ல உட்கார வெச்சு "உங்க வாழ்க்கை உங்க சாய்ஸ்"னு ஸ்லைடு போட்டுப் பாடம் எடுக்கிற கோஷ்டி. அதுல ஒரு ஸ்லைடுல கல்லு உருட்டுற சிசிபஸ் படம் கூட வரும். என்னைக் கேட்டா, ஃப்ரெஞ்சுத் தத்துவத்தை எங்க பக்கத்துல நிஜமாவே புழக்கத்துல விட்டது இந்த ரெண்டாவது கோஷ்டிதான். சார்த்தர் பேரைச் சொல்லாம, தலைகீழா மாத்தி.

எங்க பக்கம்னா அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி. 1955 ஜனவரியில காங்கிரஸ் மாநாடு கூடி "சோஷலிச பாணி சமுதாயம்"னு தீர்மானம் போட்டது ஆவடியிலதான். 1961ல அதே ஆவடியில டாங்க் ஃபேக்டரி. அந்த அறுபதுகள்லயே அம்பத்தூர் எஸ்டேட். நிரந்தர வேலை, கேன்டீன், பஸ், பொண்ணு கொடுக்க ஆளு. அதெல்லாம் ஒரு தலைமுறையோட சரி. இப்ப காலைல எஸ்டேட் பக்கம் போற பஸ்ல பாதிப் பேர் "சி.எல்." காண்ட்ராக்ட் லேபர். ஓ.டி. பஸ் ஸ்டாண்டுல இருக்கிற அந்த ஓ.டி.க்கு விரிவாக்கம் என்னன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. எஸ்டேட்ல வேலை பார்க்கிறவனுக்கு அது ஓவர்டைம்தான் :-)

தமிழுக்கு இந்த ஃப்ரெஞ்சுக்காரங்க வந்த கதை சுருக்கமா. 1974ல க்ரியா ராமகிருஷ்ணன் பதிப்பகம் தொடங்கினார். எழுபதுகள்ல எஸ்.வி.ராஜதுரை எக்ஸிஸ்டென்ஷியலிசத்துக்கு அறிமுக நூல் எழுதினார். 1980ல வெ.ஸ்ரீராம் காம்யுவோட நாவலை ஃப்ரெஞ்சுல இருந்தே நேரடியா "அந்நியன்"னு கொண்டு வந்தார். (2005க்கு அப்புறம் அந்தப் பேரைச் சொன்னா "விக்ரம் படமா சார்?"னுதான் கேட்கிறாங்க. ஷங்கரோட ஹீரோவுக்காவது ஒரு நோக்கம் இருந்துச்சு!) 1981ல சுந்தர ராமசாமியோட ஜே.ஜே. நாவல். அதுல வர்ற ஜே.ஜே. சாகிறது 1960 ஜனவரி 5, அதாவது காம்யு கார் விபத்துல செத்ததுக்கு மறுநாள். அந்த அளவுக்கு மரியாதை. இதையெல்லாம் செஞ்சவங்க உழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். குறை படிச்சவங்ககிட்ட. சுதந்திரம்னா என்னங்கிற கேள்வியை விட்டுட்டு, சலிப்புங்கிற மூடை மட்டும் எடுத்துக்கிட்டாங்க.

சரி, கேள்விக்கு வருவோம். 1945 அக்டோபர்ல பாரிஸ்ல சார்த்தர் ஒரு பிரசங்கம் பண்ணினார். கூட்டம் நெரிஞ்சுது. அங்க அவர் காகிதம் வெட்டுற கத்தியை உதாரணம் காட்டினார். எங்க ஊருக்கு அதைவிட நல்ல உதாரணம் இருக்கு. எஸ்டேட்ல எந்த யூனிட்டுக்குப் போனாலும் முதல்ல டிராயிங் வரும், அப்புறம் டை, அப்புறம்தான் பீஸ். அளவு, டாலரன்ஸ், எதுக்குப் பொருந்தணும், எல்லாம் பீஸ் பிறக்கிறதுக்கு முன்னாடியே முடிவாகி இருக்கும். மனுஷனுக்கு அப்படி டிராயிங் கிடையாது, அவன் வந்து, செஞ்சு, செஞ்சதுனாலதான் இன்னார்னு ஆகிறான். சார்த்தர் சொன்னதோட சாரம் இவ்வளவுதான். ஜாதி ஒரு டிராயிங், பொம்பளைன்னா இப்படிங்கிறது ஒரு டிராயிங், தலையெழுத்து ஒரு டிராயிங். எல்லாத்தையும் கிழிச்சுப் போடுற பேச்சு இது. இதைப் போய் விரக்தின்னு சொல்ற தோழர்கள் அந்தப் பிரசங்கத்தை முழுசாப் படிக்கலைன்னுதான் நான் சொல்வேன்.

ஆனா அதுக்கு அடுத்த படியில ஒரு வழுக்கல் இருக்கு. டிராயிங் கிடையாதுன்னா பொறுப்பு முழுக்க உன்னோடது. தேர்ந்தெடுக்காம இருக்கிறதும் ஒரு தேர்வு. சாக்கு சொல்ல முடியாது. ஒருத்தன் தன்னைப் பார்த்துத் தானே சொல்லிக்கிட்டா இது பெரிய வார்த்தை. இதையே எதிர்ல நிக்கிறவனைப் பார்த்து, அவன் வாசலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஒருத்தன் சொன்னா? அப்ப அது "பிடிக்கலைன்னா போய்க்கோ, கேட்டு திறந்துதான் இருக்கு"ன்னு ஆயிடுது. வார்த்தை அதே. அர்த்தம் நேர் எதிர்.

எங்க சித்தி பையன் கதையைச் சொல்றேன். எஸ்டேட்ல ஒரு சின்ன யூனிட், பேர் வேண்டாம். பவர் பிரஸ்ல வேலை. பிரஸ்ல ரெண்டு பட்டன் இருக்கும், ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அமுக்கினாத்தான் அடிக்கும். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா எந்தக் கையும் டைக்குள்ள இருக்காது இல்லையா, அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. ஷிப்டுக்கு டார்கெட் 5000 பீஸ். சாப்பாடு, டீ எல்லாம் கழிச்சா கையில நிக்கிறது 430 நிமிஷம். கணக்குப் போட்டா ஒரு பீஸுக்கு அஞ்சு செகண்டும் கொஞ்சமும். ஒரு பட்டனை மரச்சீவல் சொருகி அமுக்கியே வெச்சுட்டா ஒரு கை ஃப்ரீ. பீஸுக்கு ஒரு செகண்டு மிச்சம். ஒரு செகண்டுதானேன்னு நினைக்காதீங்க, 5000 பீஸுக்கு அது 83 நிமிஷம். அங்க எல்லாருமே சொருகித்தான் ஓட்டினாங்க. சூப்பர்வைசர் தினமும் அதைத் தாண்டித்தான் நடப்பார். ஒரு நாள் நைட் ஷிப்டுல இவனுக்கு ரெண்டு விரல் போச்சு.

ரிப்போர்ட்ல என்ன எழுதினாங்க? தொழிலாளி தானே பாதுகாப்பு ஏற்பாட்டை முடக்கினார், கவனக்குறைவு. ஆஸ்பத்திரியில அவன் என்கிட்ட சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். "நான்தான்ணே சொருகினேன். வேற யாரும் சொல்லல." இந்த ரெண்டு வாக்கியத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. தகவல் ஒண்ணுதான். அவன் "நான்தான்"னு சொல்றப்ப அதுல ஒரு மனுஷன் இருக்கான், தன்னை மெஷினோட ஒரு பாகமா விட்டுக் கொடுக்க மாட்டேங்கிறான். சார்த்தர் சொன்ன சுதந்திரம் அதுல இருக்கு. ரிப்போர்ட்ல "நீதான்"னு எழுதுறப்ப டார்கெட்டைப் போட்டவன் காணாமப் போயிடுறான். 5000ங்கிற எண்ணைத் தேர்ந்தெடுத்தது யாரு? அந்தத் தேர்வுக்குச் சொந்தக்காரன் யாருமில்லையா? சாக்கு சொல்லாதேன்னு தத்துவம் பேசுறவங்க முதல்ல அந்தப் பக்கம் போய்ப் பேசட்டும்.

இது ஏதோ ஒரு யூனிட்டோட புத்தின்னு நினைச்சா, 2023 ஏப்ரல் 21ஐ ஞாபகப்படுத்துறேன். ஒரு நாளைக்குப் பன்னெண்டு மணி நேரம் வரைக்கும் வேலை வாங்க வழி செய்யுற திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்துல நிறைவேறிச்சு. எதிர்ப்பு வந்தப்ப அரசுத் தரப்புல சொன்ன சமாதானம் என்ன? தொழிலாளி விருப்பப்பட்டாத்தான், கட்டாயம் இல்லை. விருப்பமாம்! காண்ட்ராக்டர் காலைல கேட்ல நின்னு "யாருக்கு விருப்பம்?"னு கேட்பாரு, விருப்பமில்லாதவனுக்கு நாளைக்கு கேட் பாஸ் இருக்காது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செஞ்சாங்க, மூணே நாள்ல நிறுத்தி வெச்சாங்க, மே 1ஆம் தேதி வாபஸ்னு முதல்வர் அறிவிச்சார். சிங்காரவேலர் 1923ல இதே சென்னையில மே தினம் கொண்டாடி சரியா நூறு வருஷம் ஆன நாள் அது. தேதியாவது பொருத்தமா அமைஞ்சுது.

இப்ப நம்ம டீக்கடைக்காரங்க பேசவே பேசாத ஒரு பொம்பளையைப் பத்தி. சிமோன் வெய்ல். 1909ல பிறந்தவங்க, சார்த்தரைவிட நாலு வயசு சின்னவங்க. தத்துவம் படிச்சு பள்ளிக்கூடத்துல தத்துவ டீச்சரா இருந்தவங்க. 1934ல சுதந்திரம், ஒடுக்குமுறை ரெண்டைப் பத்தியும் நீளமா ஒரு கட்டுரை எழுதினாங்க. நினைச்சது கிடைக்கிறது சுதந்திரமில்லை, யோசிக்கிறதுக்கும் செய்யுறதுக்கும் நடுவுல தொடர்பு இருக்கிறதுதான் சுதந்திரம்ங்கிறது அதுல வர்ற வாதம். எழுதிட்டு சும்மா இருக்கல. லீவு போட்டுட்டு அந்த டிசம்பர்லயே ஃபேக்டரி வேலைக்குப் போனாங்க. முதல்ல ஆல்ஸ்தோம், அப்புறம் இன்னொரு பட்டறை, கடைசியா 1935 கோடையில ரெனோ. பிரஸ், ஃபர்னஸ், மில்லிங் மெஷின். ஓயாத தலைவலி, கை வேகம் பத்தாது, பீஸ் ரேட்டுல பாதி நாள் கணக்கு எட்டாது. தினமும் டயரி எழுதினாங்க. எத்தனை பீஸ், எவ்வளவு காசு, எத்தனை ஸ்கிராப், எவன் கத்தினான், எல்லாம் அதுல இருக்கு.

ஒரு ஃப்ரெண்டுக்கு எழுதின கடிதத்துல ரெண்டு விஷயத்தைச் சொல்றாங்க. வேகம், உத்தரவு. மனுஷனை அடிமையாக்குறது இந்த ரெண்டும்தான். யோசிக்கிறதைவிட வேகமா கை ஓடணும்னா யோசனையை நிறுத்தித்தான் ஆகணும். பகல் கனவு காணக்கூட இடமில்லை. ஒரு நாள் பஸ்ல ஏறுறப்ப, என்னை மாதிரி ஒரு அடிமைக்கு இதுல ஏற உரிமை இருக்கான்னு தனக்கே ஆச்சரியமா இருந்துச்சாம். தத்துவத்துல உச்சப் பட்டம் வாங்கினவங்களுக்கு இந்த நிலைக்கு வர ஒரு வருஷம்கூட ஆகலை.

இதை வெச்சு காம்யுவோட சிசிபஸைத் திரும்பப் பாருங்க. கல்லை உருட்டி மேல ஏத்துறான், அது உருண்டு கீழ வந்துடுது, அவன் திரும்ப இறங்கி வர்றான். காம்யுவுக்கு முக்கியம் அந்த இறங்கி வர்ற நேரம்தான். கையில கல்லு இல்லை, தன் நிலைமையைத் தானே முழுசாப் பார்க்கிறான், அந்தப் பார்வையினாலயே விதியைவிடப் பெரியவனா ஆகிறான். அருமையான இடம், மறுக்கலை. ஆனா பவர் பிரஸ்ல அந்த இறக்கம் எங்க இருக்கு? பிரஸ் அடிச்சுட்டு மேல போற நேரம்தான் இறக்கம். அந்த ஒரு செகண்டைத்தான் எங்க பையன் மரச்சீவல் சொருகி கம்பெனிக்குக் கொடுத்தான். பீஸ் ரேட்டும் டார்கெட்டும் குறி வெச்சுப் பிடுங்குறது சரியா அந்த இடைவெளியைத்தான். தெய்வங்கள் சிசிபஸுக்குத் தண்டனை கொடுத்தாங்களே தவிர, ஸ்டாப்வாட்ச் வெச்சுக்கிட்டு மலையடிவாரத்துல ஆளு நிறுத்தல. எங்க ஆளுங்களோட ஒப்பிட்டா அவனுக்கு வேலை நிரந்தரம் வேற!

(காம்யுவுக்கு இது தெரியாம இல்லை. அல்ஜியர்ஸ்ல ஏழைக் குடும்பம், அப்பா 1914 போர்ல செத்தாச்சு, அம்மா வீட்டு வேலைக்குப் போனவங்க. வெய்ல் 1943ல, 34 வயசுல செத்த பிறகு, காலிமார் பதிப்பகத்துல அவங்க எழுத்துகளைத் தேடிப் பிடிச்சு வெளியிட்டதே காம்யுதான். 1951ல ஃபேக்டரி டயரியும் வந்துச்சு. ஸ்லைடு போடுறவங்க அந்தப் பக்கத்தைப் போடுறதில்லை.)

வெய்லும் சிமோன் த பொவாரும் சோர்பான்ல படிக்கிறப்ப ஒருதடவை மோதிக்கிட்டதை பொவாரே தன் நினைவுக் குறிப்புல எழுதியிருக்காங்க. எல்லாருக்கும் சோறு போடுற புரட்சி ஒண்ணுதான் முக்கியம்னு வெய்ல். வாழ்க்கைக்கு அர்த்தம் தேடுறதுதான் பிரச்சினைன்னு பொவார். வெய்ல் இவங்களை மேலயும் கீழயும் பார்த்துட்டு, நீ பட்டினி கிடந்ததே இல்லைன்னு பார்த்தாலே தெரியுதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்களாம். பொவாரோட பெருமை என்னன்னா, தான் தோத்த இந்தக் கதையை மறைக்காம எழுதினதுதான். அதோட நிக்கல. 1940ல ராணுவத்துல இருந்து லீவுல வந்த சார்த்தரோட இதே விஷயத்துக்கு மல்லுக்கு நின்னாங்க. எல்லாச் சூழ்நிலையும் ஒண்ணில்லை, அந்தப்புரத்துல அடைச்சு வெச்சிருக்கிற பொம்பளைக்கு என்ன சுதந்திரம் இருக்குன்னு கேட்டாங்க. அந்த வாழ்க்கையையும் பல விதமா வாழலாமேன்னார் சார்த்தர்.

பல விதமா வாழலாம்! பூந்தமல்லிக்கு வாங்க சார்த்தர் ஐயா, காட்டுறேன்.

பூந்தமல்லி பக்கத்துல ஜமீன் கொரட்டூர்ல ஒரு பெண்கள் விடுதி. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான்ல ஐபோன் பூட்டுற பொண்ணுங்க தங்கினது. வெளி மாவட்டங்கள்ல இருந்து வந்தவங்க, பெரும்பாலும் இருபது சொச்சம் வயசு. கம்பெனி பஸ் வந்து கூட்டிட்டுப் போகும், கொண்டு வந்து விடும். அந்த ஊழியர்களோட விடுதி அறைகள்ல ஆறு பேர்ல இருந்து முப்பது பேர் வரைக்கும், படுக்கை தரையிலன்னு ராய்ட்டர்ஸ் எழுதிச்சு. 2021 டிசம்பர்ல விடுதிச் சாப்பாட்டுல கோளாறாகி 150 பேருக்கு மேல ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. சில பேர் எங்க இருக்காங்கன்னு கூட இருந்தவங்களுக்கே தெரியல, செத்துட்டாங்கன்னு வதந்தி. கேட்டா சரியான பதில் இல்லை. டிசம்பர் 17 ராத்திரி பொண்ணுங்க சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில போய் உட்கார்ந்துட்டாங்க. விடிய விடிய. கலெக்டர் வந்து, ஆஸ்பத்திரியில இருக்கிற பொண்ணுங்களோட வீடியோ காலில் பேச வெச்ச பிறகுதான் நம்பினாங்க. பிளான்ட்டை மூடி, 2022 ஜனவரி 12லதான் திரும்பத் திறந்தாங்க. தங்குற இடம் சில தங்களோட தரத்துக்கு இல்லைன்னு ஆப்பிளே ஒத்துக்கிச்சு.

இவங்க கேட்டது என்ன? சம்பள உயர்வு இல்லை. "எங்க கூடப் படுத்த பொண்ணு உயிரோட இருக்காளா?" அவ்வளவுதான். பெத்தவங்களை விட்டு வந்த பொண்ணுங்க, ராத்திரி, ரோட்டுல, போலீஸ் முன்னாடி. இப்படி நடக்கும்னு எந்த டிராயிங்குலயும் இல்லை. விடுதி வார்டன் வெச்சிருந்த டிராயிங்ல இல்லை. ஊர்ல அப்பா அம்மா வெச்சிருந்த டிராயிங்லயும் இல்லை.

இங்க சார்த்தருக்கு நியாயமா ஒண்ணு சொல்லணும். 1969ல ஒரு நேர்காணல்ல, எந்தச் சூழ்நிலையிலும் மனுஷன் முழுச் சுதந்திரம்னு தான் எழுதினதைத் திரும்பப் படிச்சுட்டு, இதையா நம்பினேன்னு அவரே அதிர்ச்சியானார். பிற்காலத்துல அவர் சுதந்திரத்துக்குச் சொன்ன விளக்கம் ரொம்ப சின்னது. சமூகம் நம்மளை எப்படி ஆக்கி வெச்சுதோ, அதை அப்படியே திருப்பிக் கொடுக்காம கொஞ்சம் மாத்திக் கொடுக்கிற அந்தச் சின்ன அசைவு. ஹைவேயில உட்கார்ந்தது அந்த அசைவுதான். பொவார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல இவருக்கு முப்பது வருஷம் ஆச்சு.

அடுத்த வருஷம், 1970 அக்டோபர்ல, பாரிஸ் ரெனோ ஃபேக்டரி வாசல்ல ஒரு பீப்பாய் மேல ஏறி நின்னு சார்த்தர் தொழிலாளிங்ககிட்ட பேசினார். படம் ரொம்பப் பிரபலம். வெய்ல் அந்த ரெனோவுக்குள்ள மில்லிங் மெஷின்ல நின்னு 35 வருஷம் கழிச்சு! பீப்பாய் மேல நின்னவர் படம்தான் எல்லாருக்கும் தெரியும். (2010ல அதே ரெனோ, நிஸ்ஸானோட சேர்ந்து நம்ம ஒரகடத்துக்கே வந்தாச்சு. 2021 மே மாசம் கொரோனா நேரத்துல லைன்ல இடைவெளி விட்டு நிறுத்தச் சொல்லி தொழிலாளிங்க ஹைகோர்ட் வரைக்கும் போனாங்க.)

கடைசியா தோழர்களுக்கு. ஒடுக்கினா பொங்கி எழுவாங்கங்கிறது உங்க கணக்கு. வெய்ல் உள்ள போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னது வேற. ஃபேக்டரி தன்கிட்ட உண்டாக்கினது கோபம் இல்லை, பணிவு, வண்டி மாட்டோட பணிவுன்னு எழுதினாங்க. மிதிச்சா முதல்ல போறது முதுகெலும்பு. அதனாலதான் எழுந்து நிக்கிறது அவ்வளவு பெரிய விஷயமாகுது. 1936 ஜூன்ல ஃப்ரான்ஸ் முழுக்க தொழிலாளிங்க ஃபேக்டரிக்குள்ளயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் பண்ணினப்ப வெய்ல் திரும்ப ரெனோவுக்குள்ள போனாங்க. போய்ட்டு வந்து புனைபேர்ல எழுதின கட்டுரையில கோரிக்கைப் பட்டியலைவிட அதிகமா சந்தோஷத்தைப் பத்தித்தான் எழுதினாங்க. ஓடாத மெஷின்கள் நடுவுல தலை நிமிர்ந்து நடக்கிற சந்தோஷம். வாரம் 40 மணி நேரம், ரெண்டு வாரம் சம்பளத்தோட லீவு எல்லாம் அந்த அலையிலதான் கிடைச்சுது. சந்தோஷத்தைப் பத்தி எழுதினா இயக்கம் நீர்த்துப் போயிடும்னு நம்ம பத்திரிகைகள்ல ஒரு பயம் இருக்கு பாருங்க, அது எனக்குப் புரியவே மாட்டேங்குது.

பூந்தமல்லியில இருந்து அதே நெடுஞ்சாலையில போனா, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி சுங்குவார்சத்திரம். 2024 செப்டம்பர் 9ல இருந்து 37 நாள் சாம்சங் தொழிலாளிங்க வேலைநிறுத்தம். சம்பளமும் கேட்டாங்க, ஆனா பஞ்சாயத்து முக்கியமா நின்னது சங்கத்தை அங்கீகரிக்கிறதுலதான். சங்கத்தோட பேர்ல "சாம்சங்"னு வரக் கூடாதுன்னு கம்பெனி ஆட்சேபம் பண்ணிச்சு. ஃப்ரிட்ஜ்லயும் வாஷிங் மெஷின்லயும் இவங்க தினமும் ஒட்டி அனுப்புற அதே பேர்! 2025 ஜனவரி கடைசியில, அந்தப் பேரோடயே சங்கம் பதிவாச்சு.